கிங் சைஸ் கட்டிலும் கால்மாட்டுத் தலையணையும்: செம்பூர் வீட்டில் ஒரு படுக்கையறைத் திட்டம்

ஓர் ஆன்லைன் இன்டீரியர் நிறுவனம் எங்கள் படுக்கையறைகளுக்கு வரைந்து கொடுத்த திட்டத்துக்கு முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டரை. படம் வரைந்த அழகுக்கு நாலு, அந்தப் படத்தை நம்பிக் கட்டில் வாங்கினவள் பட்ட பாட்டுக்கு ஒன்று. கூட்டி வகுத்தால் அவ்வளவுதான் வருகிறது. வங்கியில் 31 வருஷம் பேரேடு பார்த்தவள் நான். அரை மார்க்கைக்கூடச் சும்மா போடமாட்டேன்.

பம்பாய் செம்பூர் சேடா நகரில், முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், என் மாமியார் இருந்த வீடு. முதல் மாடி, இரண்டு படுக்கையறை, ஒரு ஹால். மாமியார் போனபிறகு ஒரு வருஷம் பூட்டியே கிடந்தது. ஒரேயடியாக வாடகைக்கு விட நாத்தனாருக்கு மனசில்லை. லீவுக்கு பம்பாய் பார்க்க வருகிற குடும்பங்களுக்கு நாலு நாள், ஒரு வாரம் என்று விடலாமே அண்ணி என்றாள். கட்டிடத்துக் குடியிருப்போர் சொசைட்டி கமிட்டியிடம் எழுதி வாங்கவே மூன்று மாதம் ஆனது. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அறைகளைச் சீர்பண்ண ஓர் ஆன்லைன் இன்டீரியர் நிறுவனத்திடம் போனோம். பேர் சொல்லப் போவதில்லை. இரண்டு அறைக்கு 9,500 ரூபாய். வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். நாம் மொபைலில் வீடியோ எடுத்துக் காட்டணும், பில்டர் கொடுத்த பிளானைப் போட்டோ எடுத்து அனுப்பணும். பத்து நாளில் முப்பரிமாணப் படம் வரும், எந்தச் சாமானை எங்கே வாங்குவது என்ற பட்டியலும் வரும்.

வந்தது. சொன்ன பத்தாம் நாளே வந்தது, அதற்கு ஒரு சபாஷ். சுவர் உயரத்தில் பாதிக்கு வெல்வெட் தலைப்பலகை, இரண்டு பக்கமும் குட்டி மேஜை, அதன் மேல் தொங்குகிற விளக்கு, சாம்பல் நிறத் திரை. என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது அம்மா படுத்திருந்த ரூமா?" என்றார். நானும் மயங்கித்தான் போனேன். இன்ச் டேப்பைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவள், அன்றைக்கு மட்டும் அதை வெளியே எடுக்கவில்லை.

படத்தில் அறை பத்தடி நாலங்குலத்துக்குப் பதினொன்றரை அடி. பில்டர் பிளானில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது வெறும் செங்கல் சுவருக்கு நடுவில் உள்ள அளவு. இரண்டு பக்கப் பூச்சும், ஓதம் ஏறியதற்காக மாமனார் காலத்தில் இரண்டு தடவை போட்ட மறுபூச்சும் போக, என் டேப்பில் வருவது பத்தடிக்குப் பதினொன்றே கால். நம் ஊரில் ஏரியாக் கணக்கு என்பதே இப்படித்தான். 2016-இல் வந்த ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டத்தில் கார்ப்பெட் ஏரியாவுக்கு, அதாவது வீட்டுக்குள் புழங்குகிற இடத்துக்கு, விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில்கூட வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்களின் கனம் அடக்கம். சுவருக்குள் கட்டில் போடவா முடியும்?

இன்னொன்று, கிங் சைஸ் என்றால் 72-க்கு 78 அங்குலம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மெத்தையின் அளவு. சட்டமும் தலைப்பலகையும் சேர்ந்தால் எங்கள் கட்டில் 76-க்கு 84 ஆனது. படத்தில் வரைந்திருந்தது மெத்தை. வந்து இறங்கியது கட்டில். இப்போது கணக்குப் போடுங்கள். அறை நீளம் 135 அங்குலம், அதில் கட்டில் 84 போனால் மிச்சம் 51. எதிர்ச்சுவரில் அலமாரி, ஆழம் 24. மீதி 27. அலமாரிக் கதவு ஒன்று 21 அங்குல அகலம். கதவைத் திறந்தால் ஆள் நிற்க இருப்பது ஆறே அங்குலம்! கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் அலமாரியில் புடவை எடுக்கணும். வாசல் கதவோ முக்கால்தான் திறக்கும், பிறகு கட்டில் முனையில் போய் "டொக்" என்று நிற்கும். ஜன்னலோரம் வைக்கச் சொன்ன குட்டி மேஜைக்கு இடமே இல்லை, ஏனென்றால் அந்த மூலையில் ஒரு பில்லர் ஒன்பது அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிறது. வீடியோவில் காட்டினேன். படத்தில் பில்லரைக் காணோம். கட்டிடம் இடிந்து விழாமல் இருப்பது அவர்கள் புண்ணியம்.

போன் பண்ணிக் கேட்டேன். அந்தப் பெண் நல்ல மாதிரிதான் பேசினாள். "மேம், கிங் சைஸ் பெட் இருந்தாத்தான் போட்டோ எடுப்பா இருக்கும், ஆட்கள் புக் பண்ணுவாங்க" என்றாள். அது பொய்யில்லை. போட்டோ எடுப்பாக வந்தது, புக்கிங்கும் வந்தது. யார் வந்து படுக்கப் போகிறார்கள் என்று மட்டும் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மே மாத லீவில் முதலில் வந்தது திருநெல்வேலிக் குடும்பம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், கூடவே மருமகளின் தம்பி. ஏழு பேர். எலிஃபெண்டா, சித்திவிநாயகர், மகாலட்சுமி, ஜூஹு என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். எலிஃபெண்டாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று சொல்வதற்காக மறுநாள் காலை காபிப் பொடியும் பாலுமாகப் போனேன். போனபோதுதான் அதைப் பார்த்தேன். கட்டிலில் தலையணை எல்லாம் கால்மாட்டில் இருந்தன. வெல்வெட் தலைப்பலகைப் பக்கம் நாலு பேர் கால் நீட்டிப் படுத்திருந்த சுருக்கம் அப்படியே தெரிந்தது.

பாட்டிதான் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதம்மா. கட்டிலு வடக்கப் பாத்து தலமாடு வெச்சிருக்கு. இவுஹ ஒத்துக்க மாட்டேன்னுட்டாஹ."

உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு. சின்ன வயசில் என் அப்பா ராத்திரி பாய் விரிக்கும்போதெல்லாம் சொல்வார். இதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விவகாரம். தமிழ்க் குடும்பத்துக்கு விடுகிற வீட்டில் வடக்குச் சுவரில் தலைப்பலகையை அறைந்து வைத்தால் பத்துக்கு எட்டுப் பேர் புரண்டுதான் படுப்பார்கள். அப்படிப் புரண்டு படுத்தால் என்ன ஆகும்? சுவிட்ச், சார்ஜர் பாயின்ட், படிக்கிற விளக்கு எல்லாம் கால் பக்கம். போனை சார்ஜ் போடக் காலால் துழாவணும். ஏ.சி.யை ஆள் மேல் நேராக அடிக்காமல் இருக்கத் தலைப்பலகைக்கு எதிரே ஓரமாக வைத்திருந்தார்கள்; இப்போது அந்தக் குளிர் முழுக்கத் தாத்தாவின் வழுக்கைக்குத்தான். மூன்றாம் நாள் மப்ளர் கட்டிக்கொண்டு படுத்தாராம், மே மாத பம்பாயில்!

இன்னொன்றும் நடந்தது, அதுதான் எனக்கு மனசு கஷ்டம். பாட்டிக்கு ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கிற வழக்கம். படுத்திருந்தது ஜன்னலோரம். பாத்ரூம் போகணும் என்றால் கட்டிலைச் சுற்றி, அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நுழைந்து, அந்தப் பக்கம் 22 அங்குலச் சந்தில் போகணும். அறை விளக்கின் சுவிட்ச் வாசல் கதவருகே. மருமகள் தூங்குகிறாளே, விளக்கு எதற்கு என்று இருட்டிலேயே போயிருக்கிறார். கட்டிலின் கீழ்முனை கூர்மை, முழங்காலுக்குக் கீழே நேராக எலும்பில். ரத்தம் கட்டிக் கருநீலமாகிவிட்டது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கிளம்புகிற அன்று புடவையைக் கொஞ்சம் தூக்கி, "ஏன் மாமி, தேங்காண்ணெ இருக்கா?" என்று கேட்டபோதுதான் பார்த்தேன்.

அப்புறம் மழைக்காலம். பம்பாய்க்கு மழை ஜூன் 11 வாக்கில் வந்தால் அக்டோபர் முதல் வாரம் வரை போகாது. அந்தப் பட்டியலில் இருந்த கட்டில், ஹைட்ராலிக் பாக்ஸ் கட்டில். மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே கூடுதல் மெத்தை, ஜமுக்காளம் எல்லாம் வைக்கலாம். ஜூலையில் ஒரு நாள் தூக்கினேன். பூஞ்சைக் காளான் வாடை குப்பென்று மூக்கில் அடித்தது. காற்றே புகாத பெட்டி, கீழே ஈரத்தரை, பக்கத்திலேயே தென்மேற்கு மழை சாய்ந்தடிக்கிற வெளிச்சுவர். அடியில் துகள்பலகை உப்பி, லேமினேட் ஓரம் அப்பளம் மாதிரி மடங்கியிருந்தது. 'மும்பைக்கு ஏற்றது' என்று பட்டியலில் எழுதியிருந்தார்கள். எந்த மாதத்து மும்பை என்று எழுதவில்லை.

இந்த இடத்தில் மிஸ்திரி வருகிறார். எங்கள் கட்டிடத்தில் முப்பது வருஷமாக மரவேலை பார்க்கிற ராஜஸ்தான்காரர். மாமியார் இருந்த காலத்தில் அவர் அடித்துக் கொடுத்த ஊஞ்சல் பலகை இன்னும் ஹாலில் இருக்கிறது. நிறுவனத்தின் படத்தை ஐபேடில் காட்டினேன். பார்த்தார், "சுந்தர் ஹை" என்றார், திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு, ரத்தி பேப்பர் இருக்கா என்று கேட்டார். பால்கனியில் எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த பழைய பேப்பர் கட்டைப் பிரித்து, தரையில் ஒவ்வொன்றாக விரித்து, டேப் வைத்து அளந்து, செலோ டேப் ஒட்டி ஒரு கட்டிலின் அளவுக்குப் பரப்பினார். 64-க்கு 82. க்வீன் சைஸ் மெத்தைக்குச் சட்டம் சேர்ந்த அளவு. இன்னொரு கட்டுப் பேப்பரில் அலமாரி. கதவு திறக்கிற வட்டத்தைச் சாக்பீஸால் அரைவட்டமாகப் போட்டார்.

"மாஜி, அப் லேட் கே தேகோ" என்றார். இப்போது படுத்துப் பாருங்கள் என்று அர்த்தம்.

அறுபத்து மூன்று வயசில், எதிரே என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு நிற்க, செய்தித்தாள் மேல் படுத்தேன். மிஸ்திரி விளக்கை அணைத்தார். திரையையும் இழுத்து மூடினார். கண்ணை மூடிக்கொண்டு எழுந்து பாத்ரூம் போங்கள் என்றார். எழுந்தேன், இரண்டடி வைத்தேன், காலடியில் பேப்பர் சரசரத்தது. "தேகா? பலங் பே பைர் பட் கயா" என்றார். கட்டிலை மிதித்துவிட்டாய், அதாவது அங்கே அடி பட்டிருக்கும். பேப்பரை இன்னும் ஆறு அங்குலம் ஜன்னல் பக்கம் தள்ளினார். மறுபடி படு, மறுபடி எழு. நாலாவது தடவை சத்தமே வரவில்லை.

9,500 ரூபாய் கொடுத்த இடத்தில் கிடைக்காதது அந்த நாலு தடவை படுத்து எழுந்ததில் கிடைத்தது. லீவு வீட்டில் படுக்கிறவருக்கு அது பழகின அறை இல்லை. சொந்த வீட்டில் இருட்டில் கால் தானாகப் போகும்; இங்கே முதல் ராத்திரியே கண் தெரியாத மாதிரிதான். அதனால் கட்டில் எங்கே என்று ஆரம்பிக்கக்கூடாது. ராத்திரி எழுந்திருக்கிறவர் எந்தப் பக்கம் படுப்பார், அவர் கால் எந்த வழியாகப் போகும் என்று பார்த்து, அந்த வழியை விட்டுவிட்டு மிச்ச இடத்தில் கட்டில்.

கடைசியில் வந்த அமைப்பு இது. கிங் போய் க்வீன் வந்தது, 60-க்கு 78 மெத்தை. தலைமாடு தெற்குச் சுவரில். ஜன்னல் பக்கம் 20 அங்குலம்தான் விட்டோம், வாசல் பக்கம் முழுசாக 36. அந்த 36 அங்குலம் வாசல் கதவிலிருந்து பாத்ரூம் கதவு வரை ஒரே நேர்கோடு, நடுவில் முனையே இல்லை. அலமாரி வடக்குச் சுவருக்கு, பில்லரை ஒட்டி. பில்லர் துருத்திக்கொண்டிருந்த மூலையில் துடைப்பமும் இஸ்திரிப் பலகையும் நிற்கிறது. அலமாரிக்கு நகர்த்துகிற கதவு, அதனால் எதிரே 29 அங்குலம் போதும். வெளிச்சுவரில் எதுவும் ஒட்டவில்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டி கிடையாது, நாலு கால் மட்டும், துடைப்பம் போகும், காற்றும் போகும். முனைகளை எல்லாம் மிஸ்திரி உருட்டிவிட்டார். பிளைவுட் ஐ.எஸ். 710 என்கிற இந்தியத் தர முத்திரை போட்டதுதான் எடுக்கணும் என்று பிடிவாதம் பிடித்தார். 303 முத்திரையில் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் 710-தான் கடல்தரம், ஈரத்துக்குத் தாங்கும். பாத்ரூமை ஒட்டின சுவர் என்பதால் நானும் எதிர்த்துப் பேசவில்லை. மெத்தையோடு சேர்த்து உயரம் 21 அங்குலம். முட்டிவலிக்காரர்கள் உட்கார்ந்து எழுந்து பார்க்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு மாமியை அழைத்து வந்து உட்கார வைத்தேன். அவர் எழுந்து போகாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார், அதிலேயே தெரிந்துவிட்டது.

மின்சாரத்துக்கு 2,200 ஆனது. கதவருகே போட்டு இங்கே அணைக்கிற மாதிரி தலைமாட்டில் இருவழி சுவிட்ச், முழங்கால் உயரத்துக்குக் கீழே மங்கலான ஒரு விளக்கு பாத்ரூம் வழியில். இவ்வளவு பணத்தில் இதைவிட உருப்படியான செலவு நான் பண்ணவில்லை.

இரண்டாவது அறை சின்னது, எட்டரை அடிக்கு ஒன்பதே முக்கால். நிறுவனம் இங்கேயும் ஒரு டபுள் கட்டில் போட்டுச் சுவரில் மலைப்படம் ஒட்டச் சொன்னது. நம் குடும்பங்களில் இரண்டாவது அறையில் படுப்பது பெரும்பாலும் தம்பதி இல்லை. சித்தப்பாவும் மைத்துனனும், இல்லை அத்தையும் கல்லூரிப் பெண்ணும். 36 அங்குல ஒற்றைக் கட்டில் இரண்டு, நடுவில் இரண்டடி. வேண்டுமானால் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், தரையில் தேயாமல் இருக்கக் காலுக்கு ரப்பர். மேலே லாஃப்டில் நாலு பஞ்சு மெத்தை. ஸ்பாஞ்சுதான் லேசு என்றாள் நாத்தனார், ஆனால் பஞ்சைத்தான் வெயில் வந்த அன்று மொட்டைமாடியில் போட்டுத் தட்டி எடுக்கலாம். பிள்ளைகள் எப்படியும் ஹாலில் ஊஞ்சலடியில்தான் படுக்கிறார்கள்.

பெட்டி வைக்க இடம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எந்தப் படத்திலும் யாரும் வரைவதில்லை. ஏழு பேர் வந்தால் நாலு பெரிய சூட்கேஸ், இரண்டு கட்டைப்பை, ஊரிலிருந்து எடுத்து வந்த முறுக்கு டின். சூட்கேஸைத் திறக்க ஒரு தட்டு வேண்டும், இல்லாவிட்டால் கட்டில் மேல்தான் திறப்பார்கள், விரிப்பில் ரயில் அழுக்கு. ஹால் சுவரோரம் பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு பெஞ்சு அடித்தோம். ஈரத் துண்டுக்கு அறைக் கதவின் பின்னால் ஆறு கொக்கி. நாலு என்றார் மிஸ்திரி, நான் ஆறு என்றேன். ஆறும் நிறைந்துதான் இருக்கிறது.

நிறுவனத்துக்கும் நியாயம் பேசிவிடுகிறேன். விளக்கின் மஞ்சள் வெளிச்சம், திரைத்துணி, சுவர் நிறம் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டேன், நன்றாக இருக்கிறது. குறையை எழுதி அனுப்பியதும் ஒரு திருத்தப் படம் இலவசமாக அனுப்பினார்கள். அதில் தலைப்பலகை வடக்கை விட்டு மேற்கே நகர்ந்திருந்தது, நேராக ஜன்னலை மறைத்துக்கொண்டு. பில்லர் இந்தத் தடவையும் இல்லை. புதுக் கட்டிடம், நாலு மூலையும் சதுரம், வருகிறவர்கள் கணவன் மனைவி இரண்டே பேர் என்றால் தாராளமாக அவர்களிடம் போகலாம். என் மாதிரி பழைய சொசைட்டி வீடு என்றால் நிறத்துக்கும் திரைக்கும் மட்டும் கேளுங்கள், அளவை ரத்தி பேப்பரிடம் கேளுங்கள். பழைய கட்டிலை விற்றதில் பாதி விலைகூடத் திரும்பவில்லை. தலைப்பலகையை வாங்குவார் இல்லை. வாட்ச்மேன் கேட்டார், கொடுத்துவிட்டேன். கேட்டருகே அவர் நாற்காலிக்குப் பின்னால் வெல்வெட் சாய்மானம் இருப்பதைப் பார்த்துவிட்டு விருந்தாளிகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு குறை இன்னும் பாக்கி. ஜன்னல் பக்கம் அந்த 20 அங்குலச் சந்தில் படுக்கிறவர் ராத்திரி எழுந்தால் பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் நடந்து வரணும். அந்தப் பக்கம் யார் படுப்பது என்பதை வருகிறவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு பண்ணிக்கொள்ளட்டும்.